காற்றில்லாத நாளிலும் அலை வரும்: கடல் முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?



பெருநாள் தொழுகை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, அஸருக்குப் பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது கோட்டக்குப்பம் முதல் கூனிமேடு, மரக்காணம் வரை நம் குடும்பங்களின் வழக்கம். அதைத் தடுக்க இதை எழுதவில்லை. காசு கேட்காத பூங்கா நமக்கு அது ஒன்றுதான். ஆனால் பெருநாளுக்கு மறுநாள் ஜனாஸா வேலையாக நாங்கள் கடற்கரைப் பக்கம் போக வேண்டி வந்த ஆண்டுகளும் உண்டு. அப்போதெல்லாம் வீட்டாரிடம் நாங்கள் கேட்ட வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: “காத்தே இல்லையே, கடல் அமைதியாத்தானே இருந்துச்சு.”

அவர்கள் சொன்னது பொய்யில்லை. காற்று இல்லாமலும் இருந்திருக்கும், கடல் ஆளை இழுத்தும் இருக்கும். இது எப்படி என்று புரிந்துகொண்டால், கைப்பேசியில் வரும் கடல் முன்னறிவிப்பைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை.

கரையில் நாம் பார்க்கும் அலை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, நம் பகுதியில் அன்றைக்கு வீசும் காற்று எழுப்புவது. மதியத்துக்கு மேல் கடல்காற்று அடிக்கத் தொடங்கியதும் கடல் கலைந்து ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டுமே, அது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். இன்னொன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலிலோ அதையும் தாண்டியோ, சில நாட்களுக்கு முன் அடித்த ஒரு புயல் எழுப்பிவிட்ட அலை. புயல் அங்கேயே ஓய்ந்துபோயிருக்கும். அலை மட்டும் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இதைத் தூரத்து அலை என்று சொல்லிக்கொள்வோம். நம் ஊரில் இலை அசையாத நாளிலும் இது வரும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலில் ஒரு திருமணத்துக்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் காலையில் கடலுக்குப் போனார்கள். அலை இழுத்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். புயல் எதுவும் கரையை நெருங்கியிருக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்கிவரும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், ‘கள்ளக்கடல்’ வருகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது. எச்சரிக்கை வெளியாவது ஒன்று; அது கரையில் நிற்பவரின் காதுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று.

கள்ளக்கடல் என்பது கேரளக் கரை மீனவர்களின் சொல். கள்ளனைப் போலச் சொல்லாமல் வந்து கரையேறும் கடல். தூரத்து அலை மிக வலுவாக வரும் நாளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2012ல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கும் மீனவர்கள் பெயர் வைத்ததை உலகம் பின்னால் வந்து பதிவு செய்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். செய்தியில் நாம் கேட்டுப் பழகியது “சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்பது. அது வானிலை ஆய்வு மையம் காற்றை வைத்துத் தரும் எச்சரிக்கை. அது வரவில்லை என்றால் கடல் பத்திரம் என்று பொருளல்ல. தூரத்து அலைக்கான எச்சரிக்கை தனி. அதை இன்காய்ஸ் தருகிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

அலையைப் படிக்கத் தெரிந்தவர்கள்

முன்னறிவிப்பைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள் அலைச்சறுக்கு விளையாடுபவர்கள். பலகையோடு கடலில் இறங்கும் அந்தப் பிள்ளைகளைத் தந்திராயன்குப்பம் கடற்கரையில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலையற்ற விளையாட்டு என்று சிலர் முகம் சுளிப்பதும் தெரியும். ஆனால் கடலில் கால் வைப்பதற்கு முன் ஐந்து விவரங்களைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் நம் கரையில் மீனவர்களுக்கு அடுத்து அவர்கள்தான்.

இலங்கையின் கிழக்குக் கரையில், தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவில் ஊரை ஒட்டி அறுகம் குடா இருக்கிறது. அலைச்சறுக்கில் உலகம் அறிந்த இடம். ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை வெளிநாட்டவர் வந்து குவிவார்கள். தங்கும் அறை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ என்று ஊராரில் பலருக்கு அந்த மாதங்களின் வருமானமே அலையை நம்பித்தான். தெற்கே பெருங்கடலில் புயல்கள் மிகுந்திருக்கும் காலம் அது. அங்கே எழுந்த தூரத்து அலை தடையில்லாமல் வந்து அந்த முனையில் உடைகிறது.

கடலடியில் பாறையோ பவளமோ மேடாக இருக்கும் இடத்தை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். ஆழத்திலிருந்து வரும் அலை பாரின் மேல் ஏறும்போது அதன் அடிப்பகுதி தடைப்பட்டு வேகம் குறைகிறது. மேற்பகுதி முன்னால் சாய்ந்து உடைகிறது. தோராயமான கணக்கு இது: அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் பங்கு ஆழத்துக்கு வரும்போது அலை உடையும். ஒரு மீட்டர் அலை, தண்ணீர் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும் இடத்தில் உடையும். பார் நகராது. ஆகவே இன்ன உயரம், இன்ன திசை, இன்ன காற்று என்றால் அலை எங்கே எப்படி உடையும் என்பதை அந்த ஊர்க்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

புதுச்சேரியிலும் இப்போது ஒரு பார் உண்டு. மனிதர் போட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள், சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018ல் ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுக் கட்டுமானம் ஒன்றை மூழ்கடித்து வைத்தது. அலை அதன் மேல் உடைந்து பலம் இழந்து வருவதால் உள்பக்கம் மணல் சேர்ந்தது. கற்களை மட்டுமே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே மணலில் கால் வைத்தது.

வானூர்க் கரையில் பார் இல்லை, மணல்தான். மணல்மேடு ஒரு புயலில் இடம் மாறும். ஒரு மாதத்தில் பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். “போன பெருநாளுக்கு இங்கேதான் நின்னோம், இடுப்பளவுதான் இருந்துச்சு” என்பது நம் கரையில் செல்லாத கணக்கு. அதனால்தான் பாறைக்கரை ஊர்க்காரரைவிட நமக்கு முன்னறிவிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எண்களின் பொருள்

முன்னறிவிப்பில் முதலில் வருவது அலை உயரம், மீட்டரில். அந்த எண் எல்லா அலைகளின் உயரமும் அல்ல. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் அதைவிடச் சிறியவை நிறைய வரும். எப்போதாவது ஒன்று ஏறத்தாழ இரண்டு மீட்டரும் வரலாம். ஆளை இழுப்பது பெரும்பாலும் அந்த ‘எப்போதாவது ஒன்று’தான்.

இரண்டாவது எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம், விநாடிகளில். அலை இங்கே எழுந்ததா, தூரத்திலிருந்து வருகிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். நம் கடல்காற்று எழுப்பும் அலைக்கு 5, 6 விநாடி இருக்கும். தூரத்து அலைக்கு 12, 14, சில நாட்களில் அதற்கு மேலும் இருக்கும். ஆழ்கடலில் 6 விநாடி அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 55 மீட்டர். 16 விநாடி அலைக்குச் சுமார் 400 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரே ஒரு மீட்டர்தான் என்றாலும், பின்னதற்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். முன்னது கரையில் விழுந்து முடிந்துவிடும். பின்னது விழுந்த பிறகும் தள்ளிக்கொண்டே ஏறும். பிறகு அத்தனை நீரும் திரும்பிப் போகும்போது காலடி மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.

இப்படிப்பட்ட 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் கடக்க ஒன்பது நாள் ஆகும். ஆகவேதான் இதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மழையைக் கணிப்பதைவிட இது சற்று நம்பகமானது என்பது எங்கள் எண்ணம்.

தூரத்து அலைக்கு இன்னொரு குணம் உண்டு. அது கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள் வரிசையாக வந்துவிட்டு, பிறகு பல நிமிடம் கடல் சாதுவாக இருக்கும். அந்த இடைவெளியில் கரைக்கு வரும் குடும்பம் பார்ப்பது அமைதியான கடலைத்தான். பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் அடுத்த கூட்டம் வரும். நம்மிடம் சொல்லப்பட்ட “அமைதியாத்தானே இருந்துச்சு” இதுதான்.

கைப்பேசி இல்லாதவரும் இதை அளக்கலாம். ஓர் அலை உடையும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்ததிலிருந்து பத்து அலை எண்ணுங்கள். தஸ்பீஹ் மணியில் எண்ணினாலும் சரி. பத்துக்கு 60 விநாடி ஆனால் இடைவெளி 6. 140, 150 விநாடி ஆனால் அது தூரத்திலிருந்து வருவது. கரைக்குப் போனதும் பிள்ளைகளை மணலிலேயே விளையாட விட்டுவிட்டு, பெரியவர் ஒருவர் இருபது நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குள் பெரிய கூட்டம் ஒன்று வந்து தன்னைக் காட்டிவிட வாய்ப்புண்டு.

மூன்றாவது திசை. அலைக்கும் காற்றுக்கும் அது எங்கிருந்து வருகிறது என்பதையே பொதுவாகச் சொல்வார்கள். நீரோட்டத்துக்கு மட்டும் எங்கே போகிறது என்று சொல்வார்கள். நம் கரை கிழக்கும் சற்றுத் தென்கிழக்கும் பார்த்தது. நேர் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் தூரத்து அலையை இலங்கைத் தீவு ஓரளவு மறைக்கிறது. கன்னியாகுமரிக்கு இருக்கும் அடி நமக்கு இல்லாததற்கு அது ஒரு காரணம். தென்கிழக்கிலிருந்து வருவதற்கு அப்படி மறைப்பு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு: வாடைக்காற்றும் வங்கக்கடல் புயலும் அருகிலேயே அலையை எழுப்பும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் கடல் தன் முகத்தை மறைப்பதில்லை. பார்த்தாலே பயம் வரும், யாரும் இறங்கமாட்டார்கள். எங்களுக்குக் கவலை சித்திரையும் வைகாசியும்தான். வெயில், விடுமுறை, பளிங்கு போன்ற கடல்.

காற்றைப் பற்றி மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்காற்று வறண்டு அடித்தால் பாத்தியில் உப்பு விளையும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே மேல்காற்றுதான் ஆனி, ஆடிக் காலையில் கடலை வழவழவென்று ஆக்கிவிடுகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் சிறு அலைகளை அமுக்கிவிடும். தூரத்து அலையை அது அமுக்காது. அதோடு அந்தக் காற்றில் பிள்ளைகளின் பந்து, காற்றடைத்த டியூப் எல்லாம் கடலுக்குள் போகும், திரும்பி வராது. பந்தைப் பிடிக்கப் போய் ஆழத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. போனது போகட்டும் என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் கடல் கலங்கும். அலை எங்கே உடைகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

பிறையும் ஏற்றமும்

கடல் ஏற்றத்துக்குப் பிறைக் கணக்கு போதும். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றமும் இறக்கமும் மிகுதியாக இருக்கும். பிறை 1 முதல் 3, அதுபோல் 15 முதல் 17 ஆகிய நாட்கள் அவை. பிறை 8, 22 ஐ ஒட்டி மிகக் குறைவு. அதாவது நோன்புப் பெருநாள், ஷவ்வால் பிறை 1, எப்போதும் ஏற்றம் மிகுந்த நாளில்தான் வரும். ஹஜ்ஜுப் பெருநாள் பிறை 10ல் வருவதால் ஏற்றம் குறைந்து மறுபடி கூடத் தொடங்கும் நாள். நம் கரையில் ஏற்ற இறக்க வித்தியாசம் பெரிய அளவில் சுமார் ஒரு மீட்டர்தான். கேட்கச் சிறியது. ஆனால் பாதி மணல் போய்க் கல் மட்டும் நிற்கும் கோட்டக்குப்பம் கரையில் அந்த ஒரு மீட்டர் ஏறினால் நிற்க மணல் இருக்காது. மக்கள் கல்லின் மேல் ஏறி நிற்பார்கள். பாசி படிந்த கல்லில் நிற்பவரை அலை தட்டினால் விழுவது இரண்டு கல்லுக்கு நடுவில்.

அந்தக் கற்கள் வந்த கதையை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டில் எட்டு மாதம் போல நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர் அதைத் தெற்கிலேயே நிறுத்தியது. வடக்கே புதுச்சேரிக் கடற்கரை அரித்தது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, நம் குப்பங்களுக்கு வந்தது. இங்கும் கல் கொட்டினார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்வரிசைகள் சில இடங்களில் மணலைப் பிடித்துத் தந்திருக்கின்றன என்பதும் உண்மை.

ஆனால் குளிப்பவருக்கு அந்தக் கல்வரிசையின் ஓரம்தான் மிக ஆபத்தான இடம். அலை கரையில் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும்போது கல்லை ஒட்டியே ஆறுபோல் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது. சுற்றிலும் அலை அடிக்க அங்கே மட்டும் அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் தேடிப்போய் இறங்குவது அந்த அமைதியில்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரருக்கும் கை ஓய்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, இழுப்பு தளர்ந்ததும் கல்லை விட்டு விலகிப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் பக்கமாகக் கரைக்கு வர வேண்டும்.

கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. தம்பியைக் காப்பாற்றப் போன அண்ணனும் போன வீடுகள் தமிழ்நாட்டுக் கடற்கரையில் எத்தனையோ. மூடிய காலி தண்ணீர் கேன், டியூப், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள். அருகில் உள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களைவிட வேகமாக வரக்கூடியவர் யாருமில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. புர்காவும் சேலையும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், எடை கூடும். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாலும் 14 விநாடி அலை ஒன்று முழங்காலுக்கு மேல் வந்துவிட்டுத் திரும்பும்போது நிலைகுலையச் செய்யும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நிற்க வேண்டாம். ஈர மணலுக்கு மேலே உலர்ந்த மணல் தொடங்கும் கோடு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் உட்காருங்கள். கடைசியாக வந்த பெரிய அலை எதுவரை ஏறியது என்பதை அந்தக் கோடு காட்டும்.

முன்னறிவிப்பை இன்காய்ஸ் இணையதளத்திலும் அவர்களின் ‘சமுத்ரா’ செயலியிலும் பார்க்கலாம். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் மாவட்டத்தின் பெயரோடு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று அதில் இருக்கும். அதில் அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்று சாதாரணமாகத்தான் தெரியும், விநாடியைப் பாருங்கள். செயலி பார்க்கத் தெரியாதவர்கள் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் “இன்னிக்குக் கடல் எப்படிண்ணே?” என்று கேட்டாலே போதும். அவர் வேண்டாம் என்று சொன்னால், செயலி என்ன சொன்னாலும் வேண்டாம்.

பிள்ளைகளை மனதில் வைத்து நாங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறோம். இது விஞ்ஞானிகள் விதித்த எல்லை அல்ல, எங்கள் எச்சரிக்கை உணர்வு. உயரம் ஒரு மீட்டருக்கு மேல், இடைவெளி 12 விநாடிக்கு மேல் என்று இரண்டும் சேர்ந்தால் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு மஃரிபுக்குள் திரும்பலாம். உயரம் குறைவாக இருந்தும் விநாடி கூடுதலாக இருந்தால் பெரியவர் பக்கத்தில் நிற்க, கால் மட்டும் நனைக்கலாம். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைக்கே போக வேண்டாம். கல்வரிசை மேல் நின்று வேடிக்கை பார்ப்பதும் கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாளிலிருந்து பள்ளிவாசல் முகப்பில் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பலகை வைக்கிறோம். அதில் நான்கு வரிதான் இருக்கும்: அலை உயரம், விநாடி, காற்று எந்தப் பக்கம், எச்சரிக்கை உண்டா இல்லையா. வெள்ளிக்கிழமையும் பெருநாள்களிலும் ஃபஜ்ருக்குப் பிறகு எழுதப்படும். பெண்கள் மதரஸாவின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே நான்கு வரி வரும். எழுதிப் போட இரண்டு இளைஞர்கள் வேண்டும். கல்லூரி படிக்கும் பிள்ளைகளாக இருந்தால் நல்லது, விடியற்காலையில் எழுகிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. விருப்பமுள்ளவர்கள் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் தரலாம்.